மன்னனுக்கு யோகம் கற்பித்த மாமுனிவர்

கூர்ஜர நாட்டுத் தந்துகா என்னும் ஊரில், 1088ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமியன்று, சாசிகர் என்ற வணிகருக்கும் பாஹினி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் சாங்கதேவர். தேவசந்திர சூரி அச்சிறுவனை அன்னையிடம் கேட்டுப் பெற்றுக் காம்பே நகருக்கு அழைத்துச் சென்றார். அப்போது தந்தை ஊரில் இல்லை. திரும்பி வந்து சினந்தவரை உதயனர் என்னும் அமைச்சர் அமைதிப்படுத்தினார் என்பர். தீக்கை பெற்றுச் சோமசந்திரர் ஆனவர், இருபத்தொன்றாம் வயதிலேயே ஆசாரியப் பட்டம் எய்தி ஹேமசந்திர சூரி எனப் பெயர் பூண்டார்.

அவருடைய இலக்கணப் பெருமையைத் தமிழ் படித்த நான் விரித்துப் பேசத் தொடங்கினால் கட்டுரை திசைமாறிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாளவத்தை வென்று வந்த சித்தராஜ ஜயசிம்மன் தன் நாட்டுக்கும் ஓர் இலக்கணம் வேண்டும் என விரும்ப, மன்னன் பெயரும் தம் பெயரும் இணைந்து நிற்குமாறு ஹேமசந்திரர் சித்தஹேமம் இயற்றினார். சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் நன்னூல் தந்ததை நாம் அறிவோம். கூர்ஜரத்திலும் அத்தகைய உறவே நிலவியது.

ஆயினும் அவர் ஆசிரியராக முழுமை பெற்றது அடுத்த மன்னன் காலத்தில்தான் என்பது என் கருத்து. ஜயசிம்மனின் வெறுப்புக்கு ஆளாகி மாறுவேடத்தில் நாடெங்கும் அலைந்த குமாரபாலன், 1143ஆம் ஆண்டளவில் அரியணை ஏறினான். மாணவன் இளைஞன் அல்லன். ஐம்பதை ஒட்டிய அகவை, போரிலும் துயரிலும் இறுகிய மனம். ஆசிரியரும் ஐம்பதைக் கடந்தவர். அந்த மாணவனின் வேண்டுகோளால் பிறந்ததே பன்னிரண்டு பிரகாசங்களும் ஏறத்தாழ ஆயிரம் சுலோகங்களும் கொண்ட யோகசாத்திரம்.

யோகம் கேட்டு வந்தவனுக்கு அவர் முதலில் ஆசனம் கற்பிக்கவில்லை. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளே யோகம் என்று தொடங்கினார். இல்லறத்தானுக்கு வேண்டிய முப்பத்தைந்து பண்புகளை அடுக்கும்போது, நேர்மையான வழியில் ஈட்டிய பொருளையே தலையில் வைத்தார். மகப்பேறின்றி இறந்தவர்களின் சொத்தை அரசுக் கருவூலம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. கணவனை இழந்தவள் அழுதுகொண்டிருக்கும்போதே அலுவலர் வாயிலில் நிற்பர். குமாரபாலன் அவ்வருவாயைத் துறந்தான். உயிர்க்கொலையையும் தடை செய்தான். வேறு எந்த ஆசிரியருக்கு இப்படியொரு தேர்வு முடிவு வாய்த்தது!

நூலின் நான்காம் பிரகாசத்தில்தான் ஆசனங்கள் வருகின்றன. பத்மாசனம், வீராசனம், பரியங்காசனம் எனப் பலவற்றையும் விளக்கியபின், எந்த இருக்கையில் மனம் நிலைபெறுகிறதோ அதையே கொள்க என்று விட்டுவிடுகிறார். ஐந்தாம் பிரகாசம் பிராணாயாமம். நூலிலேயே மிக நீண்ட பகுதி அதுதான். மூச்சின் வகைகளையும் நாடிகளையும் குறிகளையும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சுலோகங்களில் கற்பித்தவர், அடுத்த பிரகாசத்திலேயே, மூச்சை அடக்கி வருத்தினால் மனம் அமைதி பெறாது, வீடுபேற்றுக்கு அது துணையாகாது என்று வெளிப்படையாகக் கூறுகிறார். தாம் உழைத்துக் கற்பித்த பாடத்தின் எல்லையைத் தாமே காட்டும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு அது வந்ததில்லை.

பின்னர்த் தியான வகைகள் வருகின்றன. உலகைப் பாற்கடலாக எண்ணி, அதன் நடுவே ஆயிரம் இதழ்த் தாமரையையும், தாமரை மேல் வெண்ணிற அரியணையையும், அதில் வினைகளை அழிக்க முனைந்து அமர்ந்திருக்கும் தன்னையும் காணும் பாவனை படிப்பவரை உள்ளிழுத்துக்கொள்வது. ஆனால் என்னை நிறுத்தியது பதினோராம் பிரகாசம். உயர்ந்ததான சுக்கில தியானம் இக்காலத்தவர்க்கு அரிது; மரபு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே நூல்கள் சொன்னபடி சொல்கிறேன் என்று அங்கே ஒப்புக்கொள்கிறார். புகழின் உச்சியில் இருந்த ஆசாரியர், அரசனாகிய மாணவன் முன்னிலையில் அதை மறைக்கவில்லை.

அந்த நேர்மைக்குப் பிறகே பன்னிரண்டாம் பிரகாசம் திறக்கிறது. நூல்வழியும் குருவழியும் கற்றவற்றைச் சொல்லி முடித்தாயிற்று, இனித் தம் அனுபவத்தில் தெளிந்ததைச் சொல்வதாக அறிவிக்கிறார். சிதறும் மனம், போவதும் வருவதுமான மனம், பற்றி நிற்கும் மனம், முற்றும் ஒடுங்கிய மனம் என நான்கு நிலைகளைப் பிரிக்கிறார். மனத்தை வலிந்து அடக்காதே, தடுத்த யானை மேலும் வெறிகொள்ளும், தடுக்காமல் விட்டால் தானே தணியும் என்கிறார். இதைச் சொல்ல ஏடுகள் போதா. ஒரு மாணவன் கேட்டிராவிட்டால் இவ்வனுபவம் அவரோடே மறைந்திருக்கும்; சொல்லும்போதே அவருக்கும் அது மேலும் துலங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நூலின் இறுதிச் சுலோகத்தில் சாத்திரம், குருவின் வாய்மொழி, அனுபவம் ஆகிய மூன்றையும் சொன்னதோடு, குமாரபாலன் மிகவும் வற்புறுத்தி வேண்டியதையும் மறவாமல் பதிந்து வைத்தார்.

முன்னாளில் ஊன் உண்ட தன் முப்பத்திரண்டு பற்களுக்கும் கழுவாயாக, இந்நூலின் பன்னிரண்டு பிரகாசங்களையும் ஆசாரியர் இயற்றிய வீதராக ஸ்தோத்திரத்தின் இருபது பிரகாசங்களையும் மன்னன் நாள்தோறும் ஓதினான் என்பது மரபு. எண்பத்து நான்காம் வயதில் ஹேமசந்திரர் உண்ணாநோன்பு ஏற்று உடல் துறந்தார். ஆசிரியரின் பிரிவில் தளர்ந்த குமாரபாலனும் அதன்பின் நெடுங்காலம் வாழவில்லை.