திவான் சேஷாத்ரி ஐயர்

மைசூர் வாழ் தமிழராகிய நாம் சேஷாத்ரி ஐயர் சாலை வழியே பன்முறை சென்று வருகின்றோம். அப்பெயருக்குரிய பெருமகனாரின் வரலாற்றை இவ்வாண்டு விழா மலரில் நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் 1845ஆம் ஆண்டில் பிறந்தவர் ஐயர் அவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்று, 1868இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். 1883இல் திவான் ரங்காசார்லு மறையவே, அப்பதவி இவரை வந்தடைந்தது. பதினெட்டு ஆண்டுகள் அதனை வகித்தார்.

அந்நாளில் கோலார் தங்கச் சுரங்கங்களின் எந்திரங்கள் நீராவியால் இயங்கின. அவற்றிற்கு எரிபொருள் ஓயாது வேண்டியிருந்தது. சரக்குக் கட்டணம் கணக்கிடும் எம்மைப் போன்ற இரயில்வே எழுத்தர்க்கு அச்செலவின் சுமை சொல்லாமலே விளங்கும். சிவசமுத்திரத்திலோ காவிரியின் வேகம் வீணாய்க் கழிந்துகொண்டிருந்தது. இடைப்பட்ட தொலைவு 92 மைல். அருவியின் ஆற்றலை மின்சாரமாக்கிக் கம்பி வழியே அத்துணைத் தொலைவு அனுப்புவது ஆசியாவில் அதுவரை எவரும் செய்யாத செயல். பொறியாளர் லோட்பினியர் வகுத்த அத்திட்டத்திற்கு ஐயர் துணிந்து ஆதரவளித்தார். அது தோற்றிருப்பின் அரசின் பெரும் பொருள் வீணாகியிருக்கும். அவர்தம் நற்பெயருக்கும் ஊறு நேர்ந்திருக்கும்.

1901 செப்டம்பரில் ஐயர் காலமானார். 1902 ஜூன் 30ஆம் நாள் மின்சாரம் கோலாரை அடைந்தது. அதனைக் காண அவருக்கு வாழ்நாளில் ஒன்பது திங்களே குறைந்தன. 1905இல் பெங்களூர் வீதிகளிலும், பின்னர் நம் மைசூரிலும் மின்விளக்குகள் ஒளிர்ந்தன.

ஆராய்ந்து பார்ப்பின், அருவியின் ஆற்றலும் ஞாயிற்றின் ஆற்றலே. கடல்நீரை முகிலாக்கிக் குடகு மலைமேல் ஏற்றுவது அதன் வெப்பமன்றோ? இரவும் முகிலும் பெரிதும் தடுக்காத விண்வெளியிலேயே அவ்வாற்றலைத் திரட்டி, நுண்ணலைகளாகப் பூமிக்கு அனுப்பலாம் என்னும் திட்டத்தை 1968இல் பீட்டர் கிளேசர் என்னும் அறிஞர் வெளியிட்டார். 2023இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் விண்கலத்திலிருந்து மிகச் சிறிதளவு ஆற்றலை அவ்வாறு பூமிக்கு அனுப்பியும் காட்டினர். ஊருக்கு விளக்கேற்றும் அளவிற்கு அது வளர இன்னும் நெடுங்காலம் ஆகலாம். செலவும் தொலைவும் மலைப்பைத் தருகின்றன. ஆயினும் 92 மைல் கம்பியும் ஒருநாள் மலைப்பாகவே இருந்தது.

பொதுநலப் பணியில் ஈடுபடுவோர் தம் வாழ்நாளை மட்டுமே எல்லையாகக் கொள்ளலாகாது என்பதை நம் இளைஞர்கள் ஐயர் அவர்களின் வரலாற்றினின்றும் அறிந்து கொள்வார்களாக.