தீர்ப்பைத் தமிழாக்கியவர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. சட்டக்கல்லூரியில் பயிலாத அவருக்குத் திருச்சிராப்பள்ளி நீதிமன்றமே கல்விக்கூடம் ஆயிற்று. அங்கு ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, வழக்குரை, எதிருரை, சான்று, தீர்ப்பு என வழக்கின் படிநிலைகளைக் கற்றார். தேர்வில் வென்று, தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப் எனப்படும் உரிமையியல் நீதிபதியாக விளங்கினார்.

அந்நாளில் மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் மட்டுமே அறிந்தோர்க்கு அவை எட்டாக்கனியாயின. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் புதினத்திலும் நீதிமன்றத்தில் தமிழ் வழங்க வேண்டுமென வலியுறுத்தினார். 1889இல் அவர் மறைந்தார். வழக்கில் தோற்றவரும் அதன் காரணத்தைத் தம் மொழியில் அறிவதே முழுமையான நீதி என்பதை அவர் பணி உணர்த்துகிறது.