குமரப்பா கண்ட நிலைபேற்றுப் பொருளியல்

காந்தியப் பொருளியலுக்கு இலக்கணம் வகுத்த ஜே.சி. குமரப்பா 1892 சனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றுப் பம்பாயில் தொழில் நடத்திய அவர், மேனாட்டு உடையும் நடையுமாகவே வாழ்ந்தவர். 1927-இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றபோது, ஆங்கில ஆட்சியின் வரிக்கொள்கையில் இந்திய வறுமையின் வேரைக் கண்டார். அவ்வாய்வை அச்சேற்ற வேண்டி 1929-இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் கதர் உடுத்தார். குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார். குசராத்தின் மாத்தர் வட்டத்து உழவர்களின் வரவு செலவை ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தார்.

1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழிற் சங்கத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. வார்தாவின் மகன்வாடியில் செக்கும், கைக்குத்தல் அரிசியும், கைத்தாளும், தேனீ வளர்ப்பும், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் அவர் பார்வையில் வளர்ந்தன.

1942 போராட்டத்தையொட்டிச் சபல்பூர்ச் சிறையில் கிடந்த நாளில்தான் நிலைபேற்றுப் பொருளியல் பற்றிய தம் பெருநூலை எழுதினார். 1945-இல் அது வெளிவந்தது. தனக்கு உணவளிப்பதையே அழிக்கும் ஒட்டுண்ணி வாழ்வு கடைநிலை. மாந்தோப்பில் புகுந்து உழைக்காமல் உண்ணும் குரங்கின் வாழ்வு அதற்கு அடுத்தது. தேன் கொள்ளும்போதே பூவைக் காய்க்கச் செய்யும் தேனீயின் முயற்சி மூன்றாவது. கூட்டுக்காக அது உழைப்பது நான்காவது. குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டே தலையாயது. வண்டும் தும்பியும் நம் புலவர்க்குத் தூது சென்றன. இவர்க்கோ பொருளியல் பாடம் நடத்தின. நிலக்கரியும் எண்ணெயும் தோண்டத் தோண்டக் குறையும் இருப்பு. காடும் கழனியும் ஆண்டுதோறும் தழைக்கும் ஊற்று. இருப்பைக் கரைத்துப் பெறும் பெருக்கத்தை வருவாய் என்று எழுத அந்தக் கணக்காயர் மனம் ஒப்பவில்லை. 1973-இல் சூமாக்கர் எழுதிய, சிறியதே அழகு என்னும் பொருள்படும் நூலிலும் குமரப்பாவின் கருத்து இடம்பெற்றது.

நிலம் உழுபவனுக்கே உரியது என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். அவர் தலைமையேற்ற காங்கிரசு நிலச்சீர்திருத்தக் குழு, உழவனுக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் உடைமையாளரை நீக்கப் பரிந்துரைத்து 1949-இல் அறிக்கை அளித்தது. நம் கல்வராயன் மலையிலோ சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று சாகீர்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. அறிக்கைக்குப் பின்னும் 27 ஆண்டுகள் மலையாளிப் பழங்குடியினர் சாகீர்தார்களுக்குக் கூலியில்லா வேலை செய்து கிடந்தனர். குமரப்பா வலியுறுத்திய சமநிலைச் சாகுபடியையும் இம்மலையை நினைந்தே படிக்கலாம். ஊரார் உண்ணத் தேவையானவற்றுக்கு முதலில் நிலம் ஒதுக்குக, எஞ்சியதிலேயே விற்பனைப் பயிர் வைக்க என்பது அவர் வகுத்த முறை. சாமை விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கு சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்க, உண்ணும் அரிசி கீழிருந்து மலையேறுகிறது.

விடுதலை பெற்ற நாடு பேராலைகளை நாடியபோது குமரப்பா வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். எளிதில் சினம் கொள்பவர்; நண்பரிடத்தும் சொல்லைக் குறைத்துப் பேசத் தெரியாதவர். அதனாலும் தனித்தார். மணம் புரியாத அவர் இறுதி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனத்தில் கழித்தார். 1960 சனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மதுரையில் அவர் உயிர் பிரிந்தது.