விண்மீன்களின் ஒளியைப் படித்தறிந்த மேகநாத சாஹா

இரவு வானத்தை உற்று நோக்குங்கள். விண்மீன்கள் யாவும் ஒரே நிறத்தில் ஒளிர்வதில்லை. திருவாதிரை செந்நிறமாகவும், சித்திரை நீலம் கலந்த வெண்மையாகவும் தோன்றுகின்றன. அவற்றின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். இந்த வேறுபாட்டின் காரணத்தை 1920-ஆம் ஆண்டில் கணக்கிட்டு உலகுக்கு உணர்த்தியவர் ஓர் ஏழை மளிகைக் கடைக்காரரின் மகன். அவரே மேகநாத சாஹா.

வறுமையில் மலர்ந்த கல்வி

இன்றைய வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகிலுள்ள செவ்ராதலி என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் சாஹா பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஐந்தாமவர். தொடக்கக் கல்வியோடு கடையில் அமர்ந்தால் போதும் என்று தந்தை ஜகந்நாதர் எண்ணினார். மேற்கொண்டு படிக்கவோ உள்ளூரில் பள்ளி இல்லை. அண்ணன் ஜயநாதரின் முயற்சியால், வேற்றூரிலிருந்த அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் சிறுவனுக்குத் தம் இல்லத்தில் உணவும் உறைவிடமும் அளித்தார். அங்கே சிறுவன் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டே படித்து, டாக்கா மாவட்டத்திலேயே முதல் மாணவனாகத் தேறினான். மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. சணல் நிறுவனத்தில் வேலை பார்த்த அண்ணன் மாதம் 5 ரூபாய் அனுப்பினார்.

1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து மக்கள் கொதித்தெழுந்தனர். துணைநிலை ஆளுநரின் பள்ளி வருகையைப் புறக்கணித்த மாணவர்களுள் சாஹாவும் ஒருவர். பள்ளியிலிருந்து அவர் நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. எனினும் வேறொரு பள்ளியில் சேர்ந்து, 1909-ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களுள் முதலிடம் பெற்றார்.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத போஸ் வகுப்புத் தோழர். ஆனால் விடுதியில் காத்திருந்தது அவமதிப்பு. பிறப்பைக் காரணம் காட்டி, அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணச் சில மாணவர்கள் மறுத்தனர். கலைமகள் பூஜையிலும் அவர் விலக்கி வைக்கப்பட்டார். அந்தக் காயம் இறுதிவரை ஆறவில்லை. ஆயினும் அவரது கல்வியை அது தடுக்கவுமில்லை.

ஒளிக்கோடுகள் சொன்ன உண்மை

அணுவிலுள்ள எலக்ட்ரான்கள் படிக்கட்டுகளைப் போன்ற குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறும்போது ஒளியை உட்கொள்ளும். இறங்கும்போது ஒளியை உமிழும். படிகளின் இடைவெளி தனிமத்துக்குத் தனிமம் வேறுபடுவதால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை நிறமாலையில் பதிக்கிறது.

இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. சில விண்மீன்களில் ஹைட்ரஜன் கோடுகள் மிக வலுவாக இருந்தன; சிலவற்றில் மங்கியிருந்தன. வேறு சிலவற்றில் உலோகங்களின் கோடுகளே மிகுந்திருந்தன. அப்படியானால் ஒவ்வொரு விண்மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதா?

அதுவன்று காரணம் என்று சாஹா கண்டார். வெப்பம் மிகும்போது அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. அழுத்தம் குறையும்போதும் அயனியாதல் மிகுகிறது. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிட ஒரு சமன்பாட்டை அவர் வகுத்தார். ஒரு கோட்டின் வலிமை, அந்தத் தனிமம் எவ்வளவு உள்ளது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அதன் அணுக்களுள் எத்தனை உரிய ஆற்றல் நிலையில் உள்ளன என்பதையும் பொறுத்தது.

ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குப் புலனாகும் அதன் கோடுகள், இரண்டாம் படியில் நிற்கும் அணுக்களால் உண்டாகின்றன. குளிர்ந்த செந்நிற விண்மீன்களில் அப்படி ஏறி நிற்கும் அணுக்கள் மிகச் சிலவே. சுமார் 10,000 கெல்வின் வெப்பத்தில் அவை பெருகிக் கோடுகள் வலுக்கின்றன. அதற்கும் மேல் வெப்பம் ஏறினால் அணுக்கள் எலக்ட்ரானையே இழந்துவிடுவதால் கோடுகள் மீண்டும் மங்குகின்றன.

சூரிய ஒளியில் ருபீடியத்தின் கோடுகள் தென்படாததற்கும் அயனியாதலே காரணம் என்ற சாஹா, வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் அவை தென்படக்கூடும் என்று முன்கூட்டியே உரைத்தார். அமெரிக்க வானியலறிஞர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அவ்வாறே அவற்றைக் கண்டறிந்தார். 1925-இல் செசிலியா பெய்ன் என்னும் இளம்பெண் இதே சமன்பாட்டைக் கொண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவை எட்டினார்.

மக்களுக்காக உழைத்த அறிவு

1923 முதல் அலகாபாத்திலும் 1938 முதல் கல்கத்தாவிலும் சாஹா பேராசிரியராகப் பணியாற்றினார். 1927-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையம் 1950-இல் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

விண்மீன்களைப் பற்றி எண்ணியவர் மண்ணை மறக்கவில்லை. வங்கத்து ஆற்றங்கரையில் பிறந்த அவர் வெள்ளத்தின் கொடுமையை அறிந்தவர். 1922-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது தம் ஆசான் பிரபுல்ல சந்திர ராயோடு நிவாரணப் பணியில் ஈடுபட்டார். நதிகளை நெறிப்படுத்த வேண்டும் என்று இடைவிடாது எழுதினார். 1952-இல் சுயேச்சையாகப் போட்டியிட்டு மக்களவை உறுப்பினரானார். நாட்டில் வழங்கிவந்த பல்வேறு பஞ்சாங்கங்களை ஆராய்ந்த சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். அக்குழு பரிந்துரைத்த சக ஆண்டு நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று, தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்கு நடந்து சென்றுகொண்டிருந்தபோது மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 62.

விண்மீன்களிடையே காணும் வேற்றுமை பெரும்பாலும் அவற்றின் பொருளால் வந்ததன்று, அவை இருக்கும் நிலையால் வந்தது என்று உலகுக்குக் காட்டியவர் சாஹா. ஒரு பந்தியில் இடம் மறுக்கப்பட்ட மாணவர் அவர். வறுமையில் வாடும் ஒரு பிள்ளையைக் காணும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே: ஒளி மங்கித் தெரிவதால் உள்ளே பொருள் இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. உரிய சூழல் வாய்த்தால் அதுவும் ஒளிரும். அந்தச் சூழலை அமைத்துத் தருவது நம் கடமை.