மலையைப் பயின்ற அறிஞர்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்வோர், அலையரிப்பைத் தடுக்கக் கடலோரத்தே குவிக்கப்பெற்ற கருங்கற்களைக் காண்பர். கல்லை உடைத்துப் பயன்கொள்வோர் பலர். அதன் இயல்பை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்துவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சர் தாமஸ் ஹாலந்து ஆவார்.

ஹாலந்து 1868ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். இலண்டனில் அறிவியல் கற்று, 1890இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றார். சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களின் கரும்பாறைகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. கல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த ஜோப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக் கல்லும் இவ்வினத்ததே என அறிந்து, 1893இல் அப்பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். உலக நிலவியலார் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றனர்.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில், இமயத்தின் கடுவால் நாட்டில், கோனா என்னும் சிற்றூரின் அருகே பெரும் மலைச்சரிவு ஒன்று நேர்ந்தது. சரிந்த மண்ணும் பாறையும் பிரகி கங்கை என்னும் ஆற்றை மறித்து, ஏறத்தாழ 270 மீட்டர் உயர அணையாக நின்றன. பின்னே நீர் தேங்கி ஏரியாகப் பெருகியது. அது உடைப்பெடுப்பின், கீழுள்ள ஆற்றங்கரை ஊர்களின் நிலை யாதாகும்?

ஹாலந்து அம்மலைக்குச் சென்று, சரிவின் காரணத்தையும் அணையின் உறுதியையும் ஆராய்ந்து அறிக்கை வரைந்தார். நீர் அணையின் உச்சியைக் கடக்கும் காலத்தைப் புல்போர்டு என்னும் பொறியாளர் கணித்தார். ஏரியிலிருந்து அரித்துவாரம் வரை தந்திக் கம்பி அமைக்கப்பெற்றது. மக்கள் மேட்டு நிலங்களுக்கு அனுப்பப்பெற்றனர். 1894 ஆகஸ்டு 25ஆம் நாள் இரவு அணை உடைந்தது. வெள்ளம் கரைகளை அரித்தது. பாறைகளை உருட்டிச் சென்றது. கடுவாலின் சீநகர் என்னும் பழம்பதியை அழித்தது. பள்ளத்தாக்கின் தோற்றமே மாறிற்று. ஆயினும், தடையை மீறித் திரும்பிச் சென்ற துறவி ஒருவரும் அவர்தம் குடும்பத்தாரும் நீங்கலாக, ஒருவரும் உயிரிழக்கவில்லை.

ஹாலந்து 1903இல் தம் துறையின் தலைவரானார். இமயப் பனியாறுகளின் முனைகளை அளந்து, பாறைகளில் குறிகள் இடும் பணியை அவர் காலத்தில் அத்துறை மேற்கொண்டது. பனியாறு வளர்கின்றதா, சுருங்குகின்றதா என்பதைப் பின்வருவோர் ஒப்பிட்டறிய இவை உதவின. பனியாறு சுருங்குமிடத்தில், அது கொணர்ந்த கல்லும் மண்ணும் கரையாக நிற்க, உருகுநீர் ஏரியாகத் தேங்குவதுண்டு. அக்கரை உறுதியற்றது. 2023 அக்டோபர்த் திங்களில் சிக்கிமில் தென் லோனக்கு ஏரி அவ்வாறே உடைந்து, தீஸ்தா ஆற்றின் பேரணை ஒன்றைத் தகர்த்தது, பலர் மாண்டனர். அவ்வேரியால் தீங்கு நேரக்கூடும் என ஆய்வாளர் முன்னரே உரைத்திருந்தனர். எனினும், எச்சரிக்கைக் கருவிகள் முழுமையாக அமையுமுன் வெள்ளம் முந்திக்கொண்டது.

இந்தியத் தொழிற்குழுவின் தலைவராகவும், பின்னர் எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் முதல்வராகவும் விளங்கிய ஹாலந்து, 1947இல் மறைந்தார். மலை சரிவதையும் வெள்ளம் பெருகுவதையும் மனிதரால் முற்றிலும் தடுத்தல் இயலாது. ஆனால், வருவதை முன்னறிந்து, அறிந்ததை உரிய காலத்தில் அனைவர்க்கும் உணர்த்தினால் உயிர்களைக் காத்தல் இயலும். கோனா நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.