ஊமைத்துரையும் கலகம் என்னும் சொல்லும்

குளத்தூரிலிருந்து கோவில்பட்டி வரையில் பரந்து கிடக்கும் கரிசல் பூமியில் ஊமைத்துரையின் பெயரை அறியாதார் அரியர். ஆயினும், அவரைப் பற்றி அக்காலத்தார் எழுதி வைத்தவற்றிற் பெரும்பகுதி, அவரை எதிர்த்துப் போர் புரிந்த கும்பினியாரின் எழுத்தேயாகும். வாய் பேச இயலாத அம்மனிதர் தம் கட்சியைத் தாமே எடுத்துரைக்க வழியில்லை. ஆதலின், அவருடைய சரித்திரத்தைச் சொல்லப் புகும் நாம், யுத்தத்தில் நிகழ்ந்த கொடுமைகளை மாத்திரமன்றி, அக்கொடுமைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களையும் ஆராய வேண்டியவர்களாயிருக்கிறோம்.

குமாரசாமி என்பது அவருக்கு இட்ட பெயர். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு அவர் தம்பி. 1792-ல் ஆற்காட்டு நவாபும் கும்பினியாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கும்பினியாருக்குக் கிடைத்தது. கப்பம் கட்ட வேண்டியவர்களை எவரும் கலந்து கேட்கவில்லை. தான் சேராத ஒப்பந்தம் ஒருவனைக் கட்டுப்படுத்தாது என்பது இங்கிலாந்துச் சட்டம் படித்த ஒவ்வொருவரும் முதலில் கற்கும் பாடம். எனினும், அவ்வொப்பந்தத்தின் பலத்தினால் எதிர்த்து நின்ற பாளையக்காரர் கலகக்காரர் ஆயினர்.

இச்சொல் வெறும் வசையன்று. தூக்குக் கயிற்றுக்கு அதிகாரம் அளித்த சொல் அதுவே. 1799 மே மாதம் 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் மாண்டார். அவர் சத்துரு அரசர் எனக் கருதப்பட்டமையால் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய புத்திரர்கள் உபகாரச் சம்பளத்துடன் வேலூரில் வைக்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் கொல்லப்பட்டு, அவர் தலை பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டிமேல் வைக்கப்பட்டது. அக்டோபர் 16-ந் தேதி, கூட்டி நிறுத்தப்பட்ட பாளையக்காரர்கள் கண்ணெதிரே, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். குளத்தூர் உட்பட ஆறு பாளையங்கள் ஜப்தியாயின. ஒரே கும்பினி, ஒரே வருஷம். ஒருவருக்கு மரியாதை, மற்றவருக்குக் கயிறு. இடையே நின்ற வேற்றுமைகளுள் தலையாயது கலகக்காரர் என்னும் பெயர்.

பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ந் தேதி தப்பி வெளியேறினார். இடிக்கப்பட்ட கோட்டை சில நாட்களுக்குள் மீண்டும் எழும்பிற்று. அவரை எதிர்த்த படையிலிருந்த வெல்ஷ் என்னும் அதிகாரி, 1830-ல் வெளியிட்ட தம் நினைவு நூலில் அவரை வியந்து எழுதியிருக்கிறார். மெலிந்த, நோயாளி போன்ற தோற்றம், பேச்சில்லை, ஆயினும் அவர் காட்டிய சிறு சைகையும் அவருடைய ஜனங்களுக்குத் தெய்வ வாக்காயிருந்தது. வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் ஆங்கிலப் படையெனப் பரப்பி, மறு கையினால் அவற்றைத் துடைத்தெறிந்து காட்டுவாராம். அவருடைய யுத்த பாஷை அவ்வளவே.

மார்ச் 31-ந் தேதி நடந்த தாக்குதலில் கும்பினிப் படை பெருஞ்சேதமுற்றுப் பின்வாங்கியது. மடிந்தோரின் உடல்களை எடுத்துச் செல்லக் கோட்டையார் தடை செய்யவில்லை. தூத்துக்குடியில் பிடிபட்ட ஆங்கிலத் துறைமுக அதிகாரி ஒருவர், அவர் மனைவி வந்து மன்றாடியதன்பேரில் விடுவிக்கப்பட்டார். இவற்றையும் ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கின்றனர். எனினும் அவர்களுடைய கடிதங்களில் கலகக்காரர் என்னும் பெயர் மாறவில்லை.

மே 24-ந் தேதி கோட்டை விழுந்தது. தப்பியோடியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. குற்றுயிராய்க் கிடந்த ஊமைத்துரையை அருகிலிருந்த கிராமத்துப் பெண்கள் தூக்கிச் சென்றனர். தேடி வந்த எட்டயபுரத்தாரிடம், வைசூரியால் இறந்த பிள்ளையென்று சொல்லி அழுது அவரைக் காப்பாற்றினர். பின்னர் அவர் சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். அக்டோபர் 24-ல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே ஊமைத்துரையின் உயிரும் பறிக்கப்பட்டது. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு, அவ்விடத்தில் ஆமணக்கு விதைக்கப்பட்டதென்பது வழிவழி வந்த செய்தி. இவையனைத்துக்கும் துரைத்தனத்தார் இட்ட பெயர் அமைதியை நிலைநாட்டுதல்.

அந்நியரை மாத்திரம் குறை கூறி அமைவது நேர்மையாகாது. கும்பினிப் படையில் அணிவகுத்து நின்றவர்களிற் பெரும்பாலார் இந்நாட்டுச் சிப்பாய்களே. மடிந்த வெள்ளை அதிகாரிகளுக்கு அங்கே கல்லறைகள் உண்டு. கோட்டையைக் காத்து மாண்டவனுக்கும் கல்லறையில்லை. கூலிக்கு வந்து மாண்ட சிப்பாய்க்கும் இல்லை. நாமோ, எட்டப்பன் என்னும் ஒரு வமிசப் பெயரைத் துரோகத்துக்கே பொதுப்பெயராக்கி, அவ்வூரிற் பிறந்தவரையெல்லாம் மேடைதோறும் எள்ளி வருகிறோம். ஒரு கூட்டத்தார் முழுவதையும் ஒற்றைச் சொல்லில் அடைப்பது கும்பினியார் கையாண்ட உபாயம். சுதந்திரத்தின் பெயரால் நாம் அதைக் கையாண்டால் அது புனிதமாகிவிடாது.

அவ்வுபாயம் கும்பினியோடு ஒழியவில்லை. 2009-ல் முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் ஆயிரக்கணக்கான தமிழர் மாண்டபோது, இலங்கை அரசாங்கம் அதனை மனிதாபிமான நடவடிக்கை என்றது. சுடாப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலேயே குண்டுகள் விழுந்தன. 2022-ல் உக்ரைன்மீது படையெடுத்த ருஷ்யா, அதற்கு விசேஷ ராணுவ நடவடிக்கை என்று பெயரிட்டது. யுத்தம் என்று எழுதிய சொந்த நாட்டுப் பத்திரிகைகளைத் தண்டனையால் அச்சுறுத்தியது. இறந்தவனின் பெயர் மறைந்தால்தான் கொன்றவனின் சொல் நிலைக்கும்.

பத்திரிகை நடத்தும் நாம் இக்குற்றத்தினின்று முற்றும் தப்பியவர்கள் அல்லோம். போர்ச் செய்தி வரும் இரவில், அதிகார அறிக்கையின் சொல்லை அப்படியே எடுத்து அச்சேற்றுவது எளிது. யார் மாண்டனர், எத்தனை பேர், அவர்கள் ஆயுதம் தாங்கினவர்களா, யார் கையால் மாண்டனர் என்று விசாரித்து எழுதுவது கடினம். இவ்வினாக்களை எங்களிடம் விடாது கேட்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம். நமக்கு உகந்த கட்சி வென்ற நாளிலும் அவற்றைக் கேட்க வேண்டும். பேசும் நா வாய்க்காத ஊமைத்துரைக்கு, பேசத் தெரிந்த நாம் செய்யக்கூடிய மரியாதை இதுவேயாகும்.