மடியின் மதிப்பறிந்த மருத்துவர்

சென்ற ஆண்டு என் அக்காள் தலைப்பிரசவத்திற்காக எங்கள் கிராமத்திற்கு வந்திருந்தாள். அரசின் மகப்பேறு நிதியுதவிக்குப் பதிவு செய்யத் துணையாகச் சென்றவன் நான். கருவுற்ற ஏழைத் தாய்மார்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவும் அத்திட்டத்தின் பெயரைக் கேட்டதும் சற்றே வெட்கினேன். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த திட்டம் அது. அவர் படித்த கல்லூரியிலேயே படிக்கும் எனக்கு, அவரைப் பற்றி அதுவரை பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது! அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் முத்துலெட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் கல்விப் பணியில் இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். சாதி கடந்த அந்த மணத்தை ஊரும் உறவும் எளிதில் ஏற்கவில்லை. பிறப்பின் பெயரால் ஒரு குழந்தையை உலகம் எப்படி ஒதுக்கும் என்பதை அவர் ஏட்டில் படித்தறிய வேண்டியிருக்கவில்லை. அதே வேளையில், தாயும் தந்தையும் தரும் அன்பு ஒரு குழந்தையை எத்துணை உறுதியாக நிற்க வைக்கும் என்பதற்கும் அவர் வாழ்வே சான்று.

1904-இல் அவர் நம் மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண்ணா என்று பலர் முகம் சுளித்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி தந்தார். மூடிய வண்டியில் வந்து, திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்டார் அம்மாணவி. இன்று நம் வகுப்புகளில் திரை இல்லை. அதை விலக்கிய முதற்கை அவருடையது.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுத் தேறினார். எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்து இரு மைந்தர்க்குத் தாயானார். 1925-இல் மகளிர், குழந்தை நோய்கள் பற்றிய உயர்பயிற்சிக்காக லண்டன் சென்றார். 1926-இல் பாரிசில் கூடிய அனைத்துலக மகளிர் மாநாட்டிலும் கலந்து கொண்டார். தாயகம் திரும்பியதும் சென்னை மாகாணச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்ணின் மணவயதை உயர்த்தப் போராடினார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். அது 1947-இல் முழுமையான சட்டமாக நிறைவேறியது. 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார்.

அதே 1930-ஆம் ஆண்டில்தான் என் உள்ளத்தைத் தொட்ட நிகழ்ச்சி நடந்தது. பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து விலகி வந்த இளம் பெண்கள் சிலர் தங்க இடமின்றி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையாரோ தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். அவ்வாறு பிறந்ததே அவ்வை இல்லம். அவ்வை என்ற சொல் தாயையும் மூதாட்டியையும் குறிக்கும். சோறும் கூரையும் மட்டும் போதுமெனில் அதற்கு விடுதி என்றே பெயரிட்டிருக்கலாம்; அவர் இல்லம் என்றார்.

இதன் அருமையை அறிவியல் பின்னர்தான் விளக்கியது. 1945-இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் தம் ஆய்வை வெளியிட்டார். தூய்மையும் உணவும் குறைவின்றிக் கிடைத்த அனாதை விடுதிக் குழந்தைகள் வாடினர். சிறையில் இருந்தும் தாயின் கையில் வளர்ந்த குழந்தைகள் தழைத்தனர். 1951-இல் ஜான் பௌல்பி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, நிலையான ஒருவரின் அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என நிறுவியது. பெற்ற தாயே ஆயினும், பாட்டியே ஆயினும், வளர்ப்போரே ஆயினும், அழும்போது ஓடி வரும் ஒரு முகம் வேண்டும். அவ்வளவே!

என் அக்காள் மகன் மாதம் நிறையாமல் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்குமாறு செவிலியர் கூறினார். கங்காரு முறை எனப்படும் இது 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. தாயின் உடற்சூடு குழந்தையைக் காக்கிறது; பால் நன்கு சுரக்கிறது; இருவர்க்கும் இடையே பிணைப்பு வளர்கிறது. அக்காள் களைத்தபோது அத்தானும் சட்டையைக் கழற்றிவிட்டு மகனை மார்பில் ஏந்தினார்.

வீடு திரும்பியதும் சிக்கல் எழுந்தது. தூக்கிக்கொண்டே இருந்தால் கைச்சூடு பழகிவிடும், அழட்டும் விடு என்றார் அப்பத்தா. மனம் புண்படாமல் அவருக்கு எடுத்துச் சொல்வது என் பங்காயிற்று. முதல் மாதங்களில் அழுகைதான் குழந்தையின் மொழி. அதற்கு மறுமொழி கிடைத்தால்தான் உலகத்தை நம்பக் கற்கும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவே தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் குனிந்து பார்க்கும் முகத்துக்கும் உள்ள தொலைவும் ஏறக்குறைய அதுவே! தாயின் குரலையோ கருவிலேயே கேட்டுப் பழகிவிடுகிறது. இதையெல்லாம் கேட்ட அப்பத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியின் பிள்ளையை மடியில் போட்டுத் தாலாட்டத் தொடங்கினார். அறிவியல் சொன்னது அவர் கைகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை அன்று உணர்ந்தேன். நான் அவருக்குக் கற்பிக்கவில்லை, நினைவூட்டினேன். அவ்வளவே.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக 1954-இல் மாற்றினார் அம்மையார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார்.

1992-இல் தமிழகம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கண்டது. கைவிடப்படும் சிசுக்களைத் தொட்டில் காக்கும். ஆனால் தொட்டிலுக்குப் பின் ஒரு மடி வேண்டும். அம்மடி கிடைக்கும் வரை நம் கடமை தீராது. நண்பர்களே, நாளை நம்மில் பலர் தாயாவோம், தந்தையாவோம், தாய்மாமனாவோம். குழந்தை அழும்போது கைபேசியை வைத்துவிட்டுக் கையை நீட்டுவோம். நம் கல்லூரியின் அம்மூத்த மாணவிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.